எல்லாம் தண்ணிதான்!

திருநெல்வேலிக்குப் போய்விட்டு அல்வா இல்லாமல் திரும்பினால் வீட்டில் யாராவது நம்மை மதிப்பார்களா? நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே சாயங்காலத்தில் மட்டும் திறக்கும் அந்தப் பேர்பெற்ற கடையில் (இருட்டுக் கடை என்று நான் சொல்லித்தானா தெரிய வேண்டும்?) கூட்டம் நெட்டித் தள்ளியது. அதனால் ரத வீதியில் வேறொரு சின்னக் கடைக்குள் நுழைந்தேன். உள்ளே அண்டாவில் கிண்டிக் கொண்டிருந்தார் ஒரு பெரியவர். சம்பா கோதுமையை ஊற வைத்து, ஆட்டி, பால் எடுத்து, புளிக்க விட்டு, சர்க்கரை சேர்த்து, நெய் பிரிகிற வரை மணிக்கணக்கில் கிண்டுகிற வேலை. தோள்பட்டை கழன்று விடும். இலைத் துண்டில் சுடச்சுடக் கொடுத்தார். வாயில் போட்டதும் வழுக்கிக் கொண்டு போயிற்று.

"அண்ணாச்சி, பிரமாதம்! உங்கள் கைக்குத் தங்கக் காப்புத்தான் போடணும்!" என்றேன்.

மனுஷர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நம்ம கையில என்னம்மா இருக்கு? எல்லாம் தண்ணிதான்" என்றார்.

தாமிரபரணித் தண்ணீரைச் சொல்கிறார். அந்த ஊரில் யாரைப் புகழ்ந்தாலும் இதே பதில்தான்! மறுநாள் கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இடும் அம்மாளிடம், "எப்படி இவ்வளவு மெல்லிசாக இடுகிறீர்கள்?" என்று வியந்தேன். உளுந்து மாவைப் பிரண்டைச் சாறு விட்டுப் பிசைந்து, இடித்து, ஒரே சீராக வட்டம் வட்டமாகத் தேய்த்துத் தள்ளிக் கொண்டிருந்தார். "தண்ணி வாகு அப்படி!" என்றார். காருகுறிச்சிப் பக்கம் சட்டிப்பானை செய்கிறவரைக் கேட்டால் மண் வாகு என்கிறார். பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கிற வரை தாமிரபரணி ஓடுவது சுமார் 128 கிலோமீட்டர். எத்தனை ஆயிரம் பேருக்குச் சேர வேண்டிய பாராட்டையெல்லாம் சுமந்து கொண்டு போகிறாளோ, பாவம்!

எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. என்னோடு வந்திருந்த நாத்தனார் பெண்ணுக்கோ வேடிக்கையாக இல்லை. அவள் கதை வேறு.

அவள் அம்பாசமுத்திரத்தில் பிறந்து வளர்ந்த பெண். சென்னையில் எங்கள் வீட்டில் தங்கி, ஓர் அமெரிக்கக் கம்பெனியின் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். கெட்டிக்காரி. போன வருஷம் ஒரு பெரிய வேலையைக் கெடுவுக்கு முன்பே முடித்துக் கொடுத்தாளாம். அமெரிக்காவிலிருந்து அவள் மேலதிகாரி, கம்ப்யூட்டர் திரையில் எல்லோருக்கும் முன்னால், "அற்புதமான வேலை!" என்று வாய் நிறையப் புகழ்ந்திருக்கிறார். இவள் என்ன சொன்னாள் தெரியுமா? "இதில் நான் என்ன செய்தேன்? எல்லோரும் சேர்ந்து செய்தது. இன்னும் இரண்டு குறை இருக்கிறது, சரி பண்ண வேண்டும்!" நம் ஊரில் இப்படிச் சொன்னால், 'அடக்கமான பெண்' என்று மனசுக்குள் இன்னும் ஒரு மார்க் சேர்த்துப் போடுவார்கள். அங்கே நடந்தது வேறு. வருஷக் கடைசியில், அவரவர் சாதித்ததை அவரவரே எழுதித் தரும் படிவம் ஒன்று உண்டாம். அதிலும் இவள், "குழுவோடு சேர்ந்து செய்தேன்" என்றே எழுதினாள். பதவி உயர்வு பக்கத்து நாற்காலிப் பையனுக்குப் போயிற்று. ஏன் என்று கேட்டதற்கு, "உன் வேலையில் இரண்டு குறை இருப்பதாக நீயே சொன்னாயே?" என்று பதில்.

பாருங்கள் அநியாயத்தை! ஆனால் அந்த மேலதிகாரி பொல்லாதவர் இல்லை. அவர் பாஷையில் அவள் சொன்னதற்கு அதுதான் அர்த்தம். அவர் கொடுத்தது பரிசுப் பொட்டலம். இவள் அதைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்து விட்டாள்.

இதற்குப் பிறகு நான் இந்த விஷயத்தைக் கொஞ்சம் துருவிப் படித்தேன். ஜோன் மேன்ஸ், நெஸ்ஸா உல்ஃப்ஸன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள், அமெரிக்காவில் வீடு, கடை, ஆபீஸ் என்று போகிற வருகிற இடங்களிலெல்லாம் காதில் விழுந்த பாராட்டுகளைக் குறித்து வைத்து, 1981-ல் எழுதியிருக்கிறார்கள். அறுநூறுக்கும் மேற்பட்ட பாராட்டுகள்! அவற்றில் பெயரடை வைத்துச் சொன்ன பாராட்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு, 'நைஸ்', 'குட்' மாதிரி அஞ்சே அஞ்சு சொற்களுக்குள் அடங்கி விட்டனவாம். அங்கே பாராட்டு என்பது நம் ஊர் "வாங்க, சாப்பிட்டாச்சா?" மாதிரி. கேட்டவுடன், "ஆச்சு, நீங்க?" என்று சொல்லி விட்டால் காரியம் முடிந்தது. "இல்லை, நேற்று ரசத்தில் உப்பு ஜாஸ்தி" என்று விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் எதிராளி விழிப்பாரா, மாட்டாரா?

நாம் மட்டும்தான் இப்படிக் கூச்சப்படுகிறோம் என்று நினைக்காதீர்கள். ஜப்பானில் புகழ்ந்தால், "இல்லை இல்லை, இன்னும் எவ்வளவோ கற்க வேண்டும்" என்பார்கள். சீனாவில், "எங்கே, எங்கே?" என்று கேட்பது பழைய வழக்கம். அதாவது, நீங்கள் சொல்கிற அந்தத் திறமை எங்கே இருக்கிறது, எனக்குத் தெரியவில்லையே என்று அர்த்தம்! ஈரானில் ஒரு பொருளை நன்றாக இருக்கிறது என்று சொல்லி விட்டால் போதும். "உங்களுக்கு முன்னால் இது எம்மாத்திரம், எடுத்துக் கொள்ளுங்கள்" என்று நீட்டுவார்கள். நிஜமாகவே எடுத்துக் கொண்டு போய் விடக் கூடாது. அங்கேயே இன்னொரு நல்ல வழக்கமும் உண்டு. வேலை செய்து கொண்டிருப்பவரைக் கடந்து போகிறவர்கள், "களைப்படையாமல் இருப்பீர்களாக" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். துருக்கியில் சாப்பிட்டு எழுந்ததும் சமைத்தவளைப் பார்த்து, "உன் கைகளுக்கு ஆரோக்கியம்!" என்பார்கள். ஆஹா, எவ்வளவு அழகு! தினம் மூன்று வேளை அடுப்படியில் நிற்கிற நமக்கு ஒரு நாளாவது யாராவது இப்படிச் சொல்லியிருப்பார்களா? (உங்கள் வீட்டில் சொல்வார்கள் என்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர்.)

ஜெர்மனியில் ஸ்வாபியா என்ற பகுதியில் ஒரு பழமொழி இருக்கிறது. திட்டாமல் இருந்தாலே போதுமான பாராட்டுத்தான் என்பது அதன் கருத்து. இதை நான் படித்துக் காட்டியதும் நாத்தனார் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். "அத்தை, அது அப்படியே எங்க அம்மா!" என்றாள்.

நிஜந்தான். திருநெல்வேலிச் சீமையில் பாராட்டு என்றால், "குறை சொல்லுததுக்கு ஒண்ணும் இல்லை" என்பதுதான் உச்சம். அதற்கு ஒரு படி கீழே, "பரவாயில்லை". 1880-களில் ஹார்வி சகோதரர்கள் என்ற ஸ்காட்லாந்துக்காரர்கள் பாபநாசத்துக்குப் பக்கத்தில், விக்கிரமசிங்கபுரத்தில், அருவித் தண்ணீரின் பலத்தை நம்பிப் பஞ்சாலை வைத்தார்கள். ஸ்காட்லாந்திலும் ஒரு வேலை ரொம்பப் பிடித்திருந்தால், "மோசமில்லை" என்றுதான் சொல்வார்களாம். துரைமாரும் நம் தொழிலாளிகளும் ஒருவரையொருவர் பார்த்து "மோசமில்லை", "பரவாயில்லை" என்று சொல்லிக் கொண்டு நன்றாகத்தான் குடித்தனம் நடத்தியிருப்பார்கள் என்று எனக்கு ஒரு கற்பனை!

ஏன் இப்படி? முதல் காரணம் கண் திருஷ்டி. பெற்ற குழந்தையையே, "அழகு" என்று வாயால் சொல்லாமல், கன்னத்தில் மையால் ஒரு பொட்டு வைத்துக் கறைப்படுத்துகிற ஜாதி நாம். புது வீட்டுக்குப் பூசணிக்காய், பசுமாட்டுக்குக் கறுப்புக் கயிறு. பாராட்டு வந்தால் பின்னாலேயே விபத்து வரும் என்று பயம். இரண்டாவது, நன்றியையும் புகழையும் வாயால் சொல்லி விட்டால் உறவு அந்நியமாகி விடும் என்ற எண்ணம். வள்ளுவர்கூட ஓர் அதிகாரத்துக்கு, 'செய்ந்நன்றி அறிதல்' என்றுதானே பெயர் வைத்தார்? அறிதல்! சொல்லுதல் இல்லை. 'சபாஷ்' என்கிறோமே, அந்தச் சொல்கூட நம்முடையதில்லை, பாரசீகத்திலிருந்து வந்தது. பாட்டுக் கச்சேரியிலும் மல்யுத்தத்திலும்தான் அதைத் தாராளமாகச் செலவழிக்கிறோம்.

ஆனால் பாராட்டே இல்லை என்று நினைத்தீர்களானால், அது இந்த ஊரைச் சரியாகப் பார்க்காத குற்றம். கல்லிடைக்குறிச்சி அப்பள அம்மாளைச் சொன்னேனே, அவரிடம் நாத்தனார் பெண்ணை, இன்னார் மகள் என்று அறிமுகப்படுத்தினேன். அந்த அம்மாள் கைவேலையை நிறுத்தி விட்டார்.

"நீதானாட்டி அது? ஏழாங் கிளாஸ்லயே ஜில்லாவுல முதல் பரிசு வாங்கினவ? ராவும் பகலும் கண்ணு முழிச்சு வேலை பாத்து, வெள்ளைக்காரனே மெச்சிட்டானாமே! உங்கம்மா வரும்போதெல்லாம் உன் புராணந்தான். அப்பளத்துக்கு மாவு உருட்டவிடாம பேசுவா!"

நாத்தனார் பெண் கல்லாய்ச் சமைந்து நின்றாள். காரணம் இருக்கிறது. அந்த அமெரிக்கர் புகழ்ந்த அன்று ராத்திரி அவள் அம்மாவுக்குப் போன் செய்தபோது, அம்மா கேட்ட ஒரே கேள்வி, "சம்பளத்தக் கூட்டித் தந்தானா?" என்பதுதான். மூன்று நாள் இவள் அம்மாவோடு பேசவில்லை. மற்ற ஊர்களில் முகத்துக்கு நேரே புகழ்ந்து முதுகுக்குப் பின்னால் ஏசுவார்கள். இந்த ஆற்றங்கரையில் முகத்துக்கு நேரே முறைத்துவிட்டு, முதுகுக்குப் பின்னால் ஊர் பூராவும் புகழ்கிறார்கள்! சம்பந்தப்பட்டவள் காதுக்கு அது வந்து சேர ஒன்றரை வருஷம் ஆகிறது.

அம்மாவின் கேள்வியையும் நான் லேசாக எடுத்துக் கொள்ள மாட்டேன். வாய்ப் பாராட்டு வயிற்றுக்கு ஆகுமா? நம் தமிழில், 'அல்வா கொடுத்து விட்டான்' என்றால் இனிக்க இனிக்கப் பேசி ஏமாற்றி விட்டான் என்று பொருள். அந்தச் சொல்லை அல்வா ஊரிலேயே கேட்கும்போது தனி ருசி! அப்பளம் இடுகிற பெண்களுக்கு எண்ணிக்கைக்குத்தான் கூலி. "அக்கா அப்பளம் மாதிரி வருமா!" என்று வாங்குகிறவர்கள் சொன்னால் மட்டும் கூலி கூடி விடுகிறதா?

கடைசி நாள் பத்தமடைக்குப் போனோம். அன்று ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் எடுத்திருந்தது. அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலி போகிற வழியில், சேரன்மகாதேவியைத் தாண்டியதும் பத்தமடை. சுவாமி சிவானந்தர் 1887-ல் பிறந்த ஊர். ஆனால் உலகத்துக்குப் பத்தமடை என்றால் பாய்தான். இப்போது புவிசார் குறியீடும் வாங்கியாகி விட்டது.

பாய் என்றால் ரேஷன் கடைக்குப் பக்கத்தில் சுருட்டி நிறுத்தியிருக்குமே, அதை நினைக்காதீர்கள். இது பட்டுப் பாய். தாமிரபரணிக் கரையிலும் வாய்க்கால் ஓரங்களிலும் விளைகிற கோரையைப் பச்சையாக அறுத்து, கத்தியால் நுணுக்கமாகக் கீறி, வெயிலில் காயப் போடுகிறார்கள். பிறகு ஓடுகிற தண்ணீரில் பல நாள் ஊறப் போட வேண்டும். ஊறிப் பருத்த கோரையை மறுபடி காய வைத்து, இன்னும் மெல்லியதாகப் பிரித்து, சாயம் ஏற்றி, பருத்தி நூல் பாவில் ஒவ்வொன்றாகக் கோத்து நெய்கிறார்கள். முன்பெல்லாம் சப்பங்கிக் கட்டையிலிருந்து சிவப்புச் சாயம் காய்ச்சுவார்களாம். பாவின் நெருக்கத்தை எண்ணால் சொல்கிறார்கள். நூறு, நூற்றிருபது, நூற்று நாற்பது என்று எண் கூடக் கூடப் பாய் மெல்லிசாகிக் கொண்டே போகும். நூற்று நாற்பதை மடித்துக் கைப்பையில் வைத்துக் கொள்ளலாம், சேலை மாதிரி! அந்த நயத்தில் ஒரு பாய் நெய்ய ஒரு மாசத்துக்கும் மேல் ஆகும். நெய்கிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் பெண்கள். சமையல், பிள்ளைகள், தொழுகை எல்லாவற்றுக்கும் நடுவே, தரையோடு தரையாக இருக்கிற தறியில் குனிந்து உட்கார்ந்து செய்கிற வேலை. ஒரு மணி நேரம் நான் பார்த்ததிலேயே எனக்கு இடுப்பு வலி கண்டது.

நாங்கள் போன வீட்டில் மாமியாரும் மருமகளும். மருமகளுக்கு முப்பது வயசு இருக்கும். தறியில் மயில் கழுத்துப் பச்சையும் அரக்குமாக ஒரு கல்யாணப் பாய் பாதியில் நின்றது. பெண், மாப்பிள்ளை பெயரையும் கல்யாணத் தேதியையும் எழுத்து எழுத்தாக நெய்வது இங்கே விசேஷம்.

"ஐயோ, எவ்வளவு ஜோராக இருக்கிறது!" என்று நான் ஆரம்பித்தேன். மருமகள், "மாஷா அல்லாஹ்" என்று முணுமுணுத்துவிட்டுக் குனிந்து கொண்டாள். இறைவன் நாடியது நடந்திருக்கிறது என்பது அதன் பொருள். கண் படாமலிருக்கவும் அதைத்தான் சொல்வார்களாம். அல்வாக்காரர் ஆற்றுக்குத் தள்ளி விட்டதை இவள் ஆண்டவனுக்கு அனுப்பி விட்டாள்! மாமியார்தான் பேசினார். "போன மாசம் ஒரு வெளிநாட்டு அம்மா வந்தாக. வாய்ல ஈ போறது தெரியாம 'பியூட்டிஃபுல், பியூட்டிஃபுல்'னு சொல்லிட்டே நின்னாக. இவ பயந்துட்டா. இம்புட்டுப் புகழுதாகளே, விலையக் குறைக்கத்தான் போறாகன்னு! கடேசில கேட்ட விலையக் குடுத்துட்டுப் போயிட்டாக. நம்மூர்க்காரவுக நல்ல பாய்னு தெரிஞ்சா வாயத் தொறக்க மாட்டாக. ஓரம் கோணல், சாயம் மங்கல்னு ஆரம்பிப்பாக. அப்பத்தான் வாங்கப் போறாகன்னு எங்களுக்குத் தெரியும்."

எப்படி இருக்கிறது! புகழ்ந்தால் சந்தேகம், குறை சொன்னால் வியாபாரம்.

என் நாத்தனார் பெண் ஒன்றும் சொல்லாமல் தறிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பாயின் கரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அக்கா, இந்த இடத்துல பச்சை முடிஞ்சு அரக்கு ஆரம்பிக்கிறது தெரியவே இல்லையே. முடிச்சு எங்க போச்சு?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான். அதுவரை தலை நிமிராத பெண், கோரையை எடுத்துக் காட்டி, அடியில் எப்படி மடக்கிச் செருகுகிறாள், எந்தக் கோரை வளையும், எது ஒடியும், ஐப்பசி மழையில் காயப் போட்டால் என்ன கதியாகும் என்று கால் மணி நேரம் பேசினாள். கண்ணெல்லாம் சிரிப்பு. எத்தனை 'பியூட்டிஃபுல்' சொன்னாலும் திறக்காத வாயை ஒரு கேள்வி திறந்து விட்டது. வேலையை உன்னிப்பாகப் பார்த்துக் கேட்கிறவளுக்கு முன்னால் கூச்சத்துக்கு வேலையில்லை போலும்.

குழந்தை வளர்க்கும் சகோதரிகளுக்கு இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. க்ளாடியா ம்யூலர், கரோல் ட்வெக் என்ற இரு மனநூல் அறிஞர்கள் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சி 1998-ல் வெளிவந்தது. வடிவப் புதிர் போட்ட பிள்ளைகளில் சிலரிடம், "நீ புத்திசாலி" என்றார்கள். சிலரிடம், "நன்றாக முயன்றிருக்கிறாய்" என்றார்கள். பிறகு கடினமான புதிர் கொடுத்தபோது, 'புத்திசாலி'கள் சீக்கிரம் சோர்ந்து விட்டார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் விடாமல் மல்லுக்கட்டினார்கள். கைமணம், கைப்பக்குவம், கைக்குக் காப்பு என்று நம் பாட்டிமார் ஆளை விட்டுவிட்டுக் கையையே புகழ்ந்து வந்தார்களே, அவர்களுக்கு இந்த ரகசியம் தெரிந்திருக்குமோ? பிள்ளை படம் வரைந்து கொண்டு வந்து காட்டினால், "சூப்பர்!" என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறப் போகாமல், "யானைக்கு ஏன் நீலக் கலர் அடிச்சே?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். குழம்பு கொஞ்சம் அடிப்பிடித்தாலும் பாதகமில்லை.

ஆனால் ஆபீஸ் போகிற பெண்ணுக்கு இது மட்டும் போதாது என்பதும் என் கட்சி. காலம் மாறுகிறது. சீனாவில் ஷியான் என்ற நகரத்தில் இதையே ஆராய்ந்திருக்கிறார்கள். 1993-ல் வெளிவந்த ஆராய்ச்சியில், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேலானவர்கள் பாராட்டை மறுத்தார்கள். அதே நகரத்தில் மறுபடி ஆராய்ந்து 2010-ல் எழுதியபோது, அறுபதுக்கும் மேலானவர்கள் ஏற்றுக் கொண்டார்கள். மறுத்தவர்கள் பத்துக்கும் குறைவு. அடக்கம் அழிந்து விட்டது என்று இதற்காகப் புலம்ப வேண்டுமா? எனக்குத் தோன்றவில்லை. யார் எதிரே நிற்கிறார்களோ அவர்கள் பாஷையில் பதில் சொல்கிறார்கள், அவ்வளவுதான். மேலதிகாரி புகழ்ந்தால், "ரொம்ப சந்தோஷம், நாலு மாசம் உழைத்தேன்" என்று இரண்டே வார்த்தை சொல்லலாம். பொய் இல்லையே? குறைகளை மறுநாள் தனியாகச் சொல்லிக் கொள்ளலாம். நல்ல நாளில் அமங்கலம் பேசாமல் இருக்க நமக்கு யாராவது கற்றுக் கொடுக்க வேண்டுமா என்ன?

திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கிற ஆற்றுப் பாலம் 1843-ல் கட்டி முடித்தது. அதற்கு முன் படகை நம்பித்தான் அக்கரைக்குப் போக வேண்டும். கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தைப் போட்டார். அவர் பெயரே பாலத்துக்கு நிலைத்து விட்டது. (நாத்தனார் பெண் சின்ன வயசில், சுலோசனா என்று ஒரு அம்மாள் கட்டிய பாலம் என்று நினைத்திருந்தாளாம்!) ஆபீஸ் உத்தியோகஸ்தர் பெயர் ஊர் வாயில் நூற்றெண்பது வருஷமாகப் புரள்கிறது. பத்தமடையில் பாய் நெய்தவர்களில் ஒருத்தி பெயராவது அப்படி வெளியே தெரியுமா? இங்கிலாந்து ராணி எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்கு 1953-ல் பத்தமடைப் பாய் போயிற்று என்று ஊரில் பெருமையாகச் சொல்கிறார்கள். ராணி பேர் தெரிகிறது. நெய்தவள் பேர்?

நாங்கள் கிளம்பும் முன், முடிந்து சுருட்டி வைத்திருந்த இன்னொரு பாயை மாமியார் பிரித்தார். மருமகள் போன வாரம் முடித்ததாம். கிழவி அதைக் குப்புறப் புரட்டி, பின்பக்கத்தில் உள்ளங்கையை வைத்து ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெதுவாகத் தடவிக் கொண்டே போனார். மருமகள் தறியைப் பார்த்துக் கொண்டிருந்தாலும் கை மட்டும் நின்று விட்டது.

"இத ஏவாரிட்டப் போட வேண்டாம்" என்றார் மாமியார். "நம்ம சின்னவ கல்யாணத்துக்கு இருக்கட்டும்."

மருமகள் ஒன்றும் பேசவில்லை. கோரையை எடுத்துக் கோத்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

நாத்தனார் பெண் தன் அம்மாவுக்கு ஒரு பாய் சொன்னாள். விலை பேசவில்லை, முழு முன்பணமும் கொடுத்தாள். என்ன பேர் போட வேண்டும் என்று கேட்டாள் மருமகள். அம்மா பெயரைச் சொல்லிவிட்டு, "ஓரத்துல உங்க பேரையும் போடுங்கக்கா" என்றாள் இவள்.

அந்தப் பெண் வாயைப் பொத்திக் கொண்டு சிரித்தாள். "எம் பேரு எதுக்கு? வாங்குதவுக பேருதான போடுவோம்? நெஞ்சவ பேர யாரு போடுவா? பாயில பேரு இருந்தா மேல கால் படும்!"

"கல்யாணப் பொண்ணு பேரு மேல மட்டும் கால் படாதா?" என்று கேட்டாள் நம் ஆபீஸ்காரி.

இதற்கு அங்கே பதில் இல்லை. மாமியார் வெற்றிலையை மென்றபடி யோசித்தார். "பச்சை நூல்ல, மூலையில, சின்னதா போடு. கேக்குதால்லா" என்றார் கடைசியில்.

பாய்க்கு ஒன்றரை மாசம் ஆகும் என்றார்கள். நெல்லை எக்ஸ்பிரஸுக்கு நேரமாகி விட்டதால் காப்பிகூடக் குடிக்காமல் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினோம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் நாத்தனார் பெண் அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள். பாய் சொல்லியிருக்கும் விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து வந்த குரல் எனக்கே கேட்டது.

"அம்புட்டு விலையா? என்னத்துக்குட்டி இப்பம் பாயி? நல்லா நெய்வாளா அவ?"

"பரவாயில்லம்மா" என்றாள் இவள்.